பார்சல் அளவும் தபால் செலவும்: ஆன்லைனில் விளைபொருள் விற்கும் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

காயவைத்த முருங்கை இலை ஒரு கிலோவை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புகிறீர்கள். வீட்டுத் தராசில் பெட்டியோடு சேர்த்து ஒரு கிலோ 300 கிராம்தான் காட்டுகிறது. ஆனால் கூரியர் பில்லில் 5 கிலோவுக்குக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். தராசும் சரி, பில்லும் சரி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் விதி தெரியாததால்தான் மஞ்சள்தூள், சத்துமாவு, வடகம், செக்கு எண்ணெய் என்று நேரடியாக விற்கத் தொடங்கிய பல விவசாயிகளின் லாபம் பார்சல் செலவிலேயே கரைந்துவிடுகிறது. வியாபாரியிடம் கொடுத்தால் கிடைப்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலையில் இறங்குகிறோம். அந்தக் கூடுதல் பணம் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்குப் போய்விடக் கூடாது.

பெட்டிக்கும் ஓர் எடை உண்டு

லாரியிலும் விமானத்திலும் எடையைப் போலவே இடத்துக்கும் மதிப்பு உண்டு. பஞ்சு மூட்டையும் இரும்புக் கம்பியும் ஒரே எடை இருந்தாலும், பஞ்சு பத்து மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் கூரியர்காரர்கள் பார்சலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, 5000 ஆல் வகுக்கிறார்கள். வருவது கிலோ கணக்கு. இதற்குக் கன அளவு எடை என்று பெயர். கூரியர் அலுவலகத்தில் 'வால்யூம் வெயிட்' என்பார்கள். தராசு எடை, வால்யூம் வெயிட் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். தபால் துறையின் ஸ்பீட் போஸ்ட் பார்சலுக்கும் இதே 5000 கணக்குதான். சில தனியார் கூரியர்களில் தரைவழிச் சேவைக்கு வகுக்கும் எண் மாறும். கணக்குத் தொடங்கும்போதே "எத்தனையால் வகுப்பீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண் சிறிதானால் உங்கள் செலவு கூடும்.

மேலே சொன்ன முருங்கை இலைப் பெட்டி 40 செ.மீ. நீளம், 30 அகலம், 20 உயரம். பெருக்கினால் 24,000. அதை 5000 ஆல் வகுத்தால் 4.8 கிலோ. அடுத்த அரை கிலோவுக்கு உயர்த்தி 5 கிலோ ஆக்கிவிட்டார்கள். அதே ஒரு கிலோ இலையைப் பொடியாக்கி அனுப்பினால் 20 × 15 × 10 செ.மீ. பெட்டியில் அடங்கிவிடும். அதன் வால்யூம் வெயிட் வெறும் 0.6 கிலோ. அப்போது தராசு எடைக்கு மட்டும் கட்டினால் போதும். இலையாகவே வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளருக்குத் தபால் செலவைத் தனியாகச் சொல்லி வாங்குவதுதான் நியாயம்.

உங்கள் பொருள் இந்தப் பிரச்சினையில் சிக்குமா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு லிட்டர் பிடிக்கும் படியை எடுத்து, அமுக்காமல் பொருளை நிரப்பி எடை போடுங்கள். 5000 ஆல் வகுக்கும் கணக்குப்படி, ஒரு லிட்டர் இடத்துக்கு 200 கிராம் என்று வருகிறது. படியில் உள்ள பொருள் 200 கிராமுக்குக் கீழே இருந்தால் நீங்கள் கட்டப்போவது இடத்துக்கான காசு. அரிசி, பயறு, சிறுதானியம், நாட்டுச் சர்க்கரை எல்லாம் இதைத் தாண்டி வெகு மேலே நிற்கும், கவலையே வேண்டாம். பொரி, அவல் பொரி, காய்ந்த இலைகள், பூ வகைகள், வெட்டிவேர், தேங்காய் நார், வறுத்த வடகம் இவையெல்லாம் சிக்கும். பெட்டியில் எப்போதும் கொஞ்சம் காலியிடம் இருக்கும் என்பதால், 300 கிராம் வரை வருகிற பொருளுக்கும் பெட்டி அளவில் கவனம் வேண்டும்.

ஒரு சென்டிமீட்டரில் அரை கிலோ

அளப்பது பெட்டியின் வெளிப்புறத்தை. கடைக்காரர் சொல்லும் அளவு பெரும்பாலும் உள்ளளவாக இருக்கும். அது மட்டுமில்லை, பெட்டி நடுவில் உப்பியிருந்தால் உப்பிய இடத்தில்தான் டேப் வைப்பார்கள். பெரிய மையங்களில் மனிதர்கூட அளப்பதில்லை, இயந்திரமே அளந்துவிடும். 30 × 20 × 15 செ.மீ. பெட்டிக்கு 1.8 கிலோ, 2 கிலோ கட்டணத்துக்குள் அடங்கும். அதே பெட்டி மூன்று பக்கமும் ஒரு சென்டிமீட்டர் உப்பி 31 × 21 × 16 ஆகிவிட்டால் 2.08 கிலோ. கட்டணம் இரண்டரை கிலோவுக்கு ஏறிவிடும். அதனால் பெட்டியைத் திணித்து நிரப்பாதீர்கள். மூடி சமமாகப் படிய வேண்டும்.

உயரம் மிச்சமிருந்தால் அப்படியே காகிதம் திணித்து அனுப்ப வேண்டியதில்லை. நான்கு மூலைகளையும் பொருளின் உயரம் வரை கத்தியால் கீறி, மடிப்புக்கோடு போட்டு உள்ளே மடித்துவிடலாம். 15 செ.மீ. உயரத்தை 10 ஆகக் குறைத்தால் அந்த 1.8 கிலோ 1.2 ஆகிவிடும். ஒரு நாளைக்குப் பத்துப் பெட்டி அனுப்புகிறவருக்கு இது பெரிய காசு. உடையாத பொருளுக்குப் பெட்டியே வேண்டாம். கெட்டியான கூரியர் கவர் போதும். பொடி, பயறு, சிறுதானியப் பாக்கெட்டுகளைக் காற்றை அழுத்தி வெளியேற்றிச் சீல் செய்து கவரில் போட்டால் இடமும் குறையும், பெட்டியின் எடையும் மிச்சமாகும். மூன்று அளவில் பெட்டி வாங்கி வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒரே அளவில் மொத்தமாக வாங்கினால் விலை குறைகிறது என்று பெரிய பெட்டியாக வாங்கி அடுக்குகிறவர்கள், பெட்டியில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கைக் கூரியருக்குக் கொடுக்கிறார்கள்.

நீளமான பொருளுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஒட்டுக்கன்று ஒன்றை 90 செ.மீ. நீளம், 15 அகலம், 15 உயரப் பெட்டியில் வைத்தால் கன அளவு எடை 4.05 கிலோ. கன்றும் மண்ணும் ஈரமும் சேர்ந்து ஒன்றரை கிலோதான் இருக்கும். உருளைக் குழாயில் அனுப்பினாலும் அதன் குறுக்களவையே அகலமாகவும் உயரமாகவும் எடுத்துச் சதுரப் பெட்டியாகவே கணக்கிடுவார்கள். கன்று, தண்டுத் துண்டு விற்கிறவர்கள் 60 செ.மீ. நீளத்துக்குள் அடங்கும் இளங்கன்றுகளை மட்டும் ஆன்லைனில் வைத்துக்கொள்வது நல்லது. 60 × 12 × 12 பெட்டிக்கு 1.73 கிலோதான் வரும்.

தபாலில் அளவு வரம்பைப் பார்க்கும்போது 'நீளமும் சுற்றளவும்' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நீளப் பக்கத்தை அளந்து, அதற்குக் குறுக்கே பெட்டியைச் சுற்றி டேப் வைத்து வரும் அளவைக் கூட்ட வேண்டும். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 20 உயரம் என்றால் சுற்றளவு 100. கூட்டினால் 160 செ.மீ. தபால் பார்சலுக்கு நெடுங்காலமாக இருந்த வரம்பு நீளம் 1 மீட்டர், நீளமும் சுற்றளவும் சேர்ந்து 1.8 மீட்டர். உங்கள் பெட்டிகள் இதற்குள் இருந்தால் கவுன்டரில் தகராறு வராது. ஸ்பீட் போஸ்டில் 35 கிலோ வரை அனுப்பலாம். ஆனால் ஒரு விவசாயி அவ்வளவு எடையைத் தபாலில் அனுப்ப அவசியமில்லை; அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறோம்.

ஸ்லாப் எங்கே உடைகிறது என்று பாருங்கள்

கட்டணம் கிராம் கிராமாக ஏறுவதில்லை. முதல் 500 கிராமுக்கு ஒரு தொகை, அடுத்த ஒவ்வொரு 500 கிராமுக்கும் அல்லது அதில் ஒரு பகுதிக்கும் ஒரு தொகை என்று ஏறும். இந்தக் கணக்கு பலருக்கும் தெரியும். ஆனால் பாக்கெட் அளவை முடிவு செய்யும்போது இதை யாரும் நினைப்பதில்லை.

கணக்குக்காக ஒரு கட்டணத்தை வைத்துக்கொள்வோம்: முதல் அரை கிலோ 60 ரூபாய், அடுத்த ஒவ்வொரு அரை கிலோவுக்கும் 40 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நீங்கள் 500 கிராம் மஞ்சள்தூள் அனுப்பினால் பை, பெட்டி, டேப் எல்லாம் சேர்ந்து 580 கிராம் ஆகிவிடும். 80 கிராம் தாண்டியதற்காக ஒரு கிலோ கட்டணம், அதாவது 100 ரூபாய். அதையே 400 கிராம் பாக்கெட்டாக வைத்தால் மொத்தம் 500-க்குள் நின்று 60 ரூபாயோடு முடிந்துவிடும்.

இப்போது 250 கிராம் பாக்கெட் கணக்கைப் பாருங்கள். ஒன்று மட்டும் அனுப்பினால் வரியோடு 70.80 ரூபாய். நான்கு பாக்கெட் அனுப்பினால் மொத்த எடை ஒரு கிலோ 130 கிராம். ஒன்றரை கிலோ கட்டணம் 140, வரியோடு 165.20 ரூபாய். ஐந்து பாக்கெட் என்றாலும் மொத்தம் ஒரு கிலோ 400 கிராம்தான், அதே 165.20 ரூபாய். ஐந்தாவது பாக்கெட் இலவசமாகப் பயணம் செய்கிறது. நான்கு பாக்கெட்டில் தலைக்கு 41.30 ரூபாய் விழுந்த தபால் செலவு, ஐந்தில் 33.04 ஆகக் குறைகிறது. 'ஐந்து வாங்கினால் இவ்வளவு தள்ளுபடி' என்று நீங்கள் போடும் சலுகை இந்த இடத்தில் நிற்க வேண்டும். நான்குக்குச் சலுகை கொடுப்பது உங்கள் கையிலிருந்து போகிற காசு. உங்கள் கூரியரின் உண்மைக் கட்டணத்தை வைத்து ஒவ்வொரு பொருளுக்கும் இந்தக் கணக்கை ஒரே ஒரு முறை போட்டு, பேக்கிங் செய்யும் இடத்தில் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

திரவப் பொருளில் இன்னொரு குழப்பம் வரும். லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 920 கிராம்; ஒரு லிட்டர் தேன் சுமார் ஒரு கிலோ 400 கிராம். இரண்டுக்கும் 'லிட்டருக்குத் தபால் செலவு இவ்வளவு' என்று ஒரே தொகை போட்டால் தேனில் நஷ்டம் நிச்சயம். தேனைக் கிலோ கணக்கில் விற்பதே கணக்குக்கும் நல்லது.

தபாலா, கூரியரா, பஸ் பார்சலா?

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை. ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட் கட்டணமும் மாறியது. கடிதம், ஆவணங்களுக்கு 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூர் எவ்வளவு தூரமானாலும் 47 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அதற்கு மேல் தூரத்தைப் பொறுத்து 200, 500, 1000, 2000 கிலோமீட்டர் என்று படிப்படியாக ஏறும். பொருள் அடங்கிய பார்சலுக்குக் கட்டணம் வேறு என்பதால் உங்கள் மூன்று பெட்டி அளவுகளையும் ஒருமுறை அஞ்சலகத்தில் காட்டி, சென்னை, பெங்களூரு, டெல்லி மூன்றுக்கும் என்ன வருகிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதலாக 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டினால், ஓ.டி.பி. சொன்னால்தான் பார்சலைக் கொடுக்கும் வசதி உண்டு. விலையுயர்ந்த பொருளுக்கு இது வாங்கத் தக்கது. 'புத்தகத் தபாலில் போட்டால் மலிவு' என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சலுகைக் கட்டணம் புத்தகங்களுக்கு மட்டும், மஞ்சள்தூளுக்குச் செல்லாது.

தபாலின் பெரிய பலம், அது போகாத ஊரே இல்லை என்பதுதான். தனியார் கூரியரில் பல கிராமப் பின்கோடுகளுக்குச் சேவை இருக்காது, அல்லது தொலைதூரக் கட்டணம் என்று தனியாகச் சேர்ப்பார்கள். உங்கள் ஊரிலிருந்து எடுத்துப்போகவும் ஆள் வராமல் இருக்கலாம். நகரத்து வாடிக்கையாளருக்கு, மாதம் நூறு பார்சலுக்கு மேல் போகிறது என்றால், கூரியர் நிறுவனத்திடம் பேரம் பேசி வாங்கும் கட்டணம் மலிவாக இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு பின்கோடு பார்த்து அனுப்புவதே சரி என்பது எங்கள் கருத்து.

கிளை அஞ்சலகத்தில் கட்டும் பார்சல் அன்றைய பை கட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். பை கிளம்பிய பிறகு கொடுத்தால் மறுநாள்தான் நகரும். நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் கெடும் பொருளைத் திங்கள், செவ்வாயில் அனுப்புங்கள். வெள்ளி, சனியில் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்கோ ஒரு கிடங்கில் வெந்துகொண்டிருக்கும்.

மாம்பழம், பலா, நெல்லி, வாழை என்று பத்து கிலோவுக்கு மேல் போகிற பழப்பெட்டிக்குத் தபாலும் கூரியரும் கட்டுப்படியாகாது. பஸ் பார்சலும் லாரி புக்கிங்கும்தான் அதற்கு வழி. ஆம்னி பஸ்களில் நெடுங்காலமாக இது நடக்கிறது. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளிலும் 2022 ஆகஸ்ட் முதல் பார்சல் சேவை உண்டு. இரவு ஏற்றினால் காலையில் ஊர் சேரும் என்பது பழத்துக்குப் பெரிய வசதி. குறை என்னவென்றால், வீட்டுக்கு வராது. வாடிக்கையாளர் போய் எடுக்க வேண்டும். அதை விற்பனைப் பக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒரே குடியிருப்பில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஆர்டர் போட்டால் ஒருவர் போய் எடுத்துக்கொள்வார், செலவும் பிரிந்துவிடும்.

எண்ணெய், நெய், தேன் அனுப்பும்போது

திரவம் கசிந்தால் உங்கள் பார்சல் மட்டுமில்லை, பையில் உள்ள மற்றவர்கள் பார்சலும் கெடும். அதனால் கவுன்டரில் தயங்குவார்கள். விமானத்தில் போகும் கூரியரில் திரவத்தை மறுக்கவும் செய்வார்கள். தரைவழி என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பாட்டில் வாயில் அலுமினியச் சீல், அதன்மேல் மூடி, மூடியைச் சுற்றி டேப், பிறகு பாலித்தீன் கவரில் போட்டு முடிச்சு, அதைச் சுற்றிக் கசிந்தால் உறிஞ்சும்படி காகிதத் துண்டு அல்லது மரத்தூள், பிறகு 5 பிளை பெட்டி. கட்டி முடித்ததும் பெட்டியைத் தலைகீழாக ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கண்ணாடி பாட்டிலைத் தவிர்ப்பது நல்லது. எடையும் கூடுதல், உடைந்தால் முழு நஷ்டம். காப்பீடு எடுக்காத பார்சலுக்குக் கிடைக்கும் இழப்பீடு, உள்ளே இருந்த பொருளின் விலையைப் பார்த்துக் கொடுப்பதல்ல. ஆயிரக்கணக்கில் விலை போகும் நெய், தேன் என்றால் பதிவு செய்யும்போதே மதிப்பைச் சொல்லிக் காப்பீடு கேளுங்கள்.

எளிதில் தீப்பிடிக்கும் பொருள், பூச்சிமருந்து, உயிருள்ள கோழிக்குஞ்சு போன்றவற்றைப் பார்சலில் அனுப்ப நினைக்க வேண்டாம். ஒரு சுவையான விஷயம், சர்வதேசத் தபால் உடன்படிக்கையில் உயிருள்ள தேனீ, அட்டை, பட்டுப்புழு மூன்றுக்கும் விலக்கு உண்டு. விதையையும் கன்றையும் வெளிநாட்டுக்கு அனுப்பத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் உறவினருக்கு நாட்டுக் காய்கறி விதை என்றாலும் சும்மா கவரில் போட்டு அனுப்பாதீர்கள்.

தபால் செலவை யார் தலையில் வைப்பது?

'இலவச டெலிவரி' என்று போட்டால் ஆர்டர் கூடும் என்பது உண்மை. ஆனால் அது இலவசம் இல்லை, விலையில் ஏற்ற வேண்டும். அரிசிக்கு ஏற்ற முடியாது. கிலோ 90 ரூபாய் மாப்பிள்ளைச் சம்பாவில் 80 ரூபாய் தபால் செலவை ஏற்றினால் யாரும் வாங்க மாட்டார்கள். அரிசி, பருப்புக்குத் தபால் செலவைத் தனியாகக் காட்டி, குறைந்தபட்ச ஆர்டர் 5 கிலோ என்று வையுங்கள். மஞ்சள்தூள், முருங்கைப்பொடி, தேன் போன்ற விலைமதிப்புள்ள பொருளில் செலவை ஏற்றலாம். தமிழ்நாடு, மற்ற தென் மாநிலங்கள், வட மாநிலங்கள் என்று மூன்று தொகை வைத்துக்கொண்டால் போதும். சென்னைக்குப் போட்ட தொகையிலேயே கவுகாத்திக்கும் அனுப்பினால் தாங்காது. பெட்டி, டேப், லேபிள், அஞ்சலகம் போய்வரும் பெட்ரோல் எல்லாவற்றையும் ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று பிரித்துச் சேர்க்க மறக்காதீர்கள்.

பொருள் கையில் கிடைத்ததும் பணம் என்ற முறையில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பிவிட்டால் தனியார் கூரியரில் போன செலவும் வந்த செலவும் உங்கள் தலையில். பத்து பார்சலில் இரண்டு திரும்பினாலே மற்ற எட்டின் லாபம் போய்விடும். முதல் முறை வாங்குகிறவரிடம் தபால் செலவை மட்டுமாவது முன்பணமாக வாங்கிவிட்டு அனுப்புங்கள். அனுப்பும் முன் ஒரு போன் போட்டு முகவரியைச் சரிபார்த்தால் பாதிப் பார்சல் திரும்பாது.

பல கூரியர்களை ஒரே செயலியில் காட்டும் இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக அனுப்புகிறவர்கள், எடைத் தகராறுக்குத் தயாராக இருக்க வேண்டும். நீங்கள் 1 கிலோ என்று பதிவு செய்திருப்பீர்கள். அவர்கள் மையத்தில் அளந்து 2 கிலோ என்று உங்கள் முன்பணத்தில் கழித்துவிடுவார்கள். மறுப்புச் சொல்லச் சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள். எனவே பெட்டியைத் தராசில் வைத்து ஒரு படம், மூன்று பக்கமும் டேப் வைத்து மூன்று படம், எல்லாவற்றிலும் லேபிள் எண் தெரியும்படி எடுத்து வையுங்கள். வாரம் ஒருமுறை கழித்த தொகைகளைப் பாருங்கள். மாதக் கடைசி வரை விட்டால் அவகாசம் முடிந்திருக்கும்.

லேபிள் கிழிந்தோ நனைந்தோ போனால் யாருடைய பார்சல் என்று தெரியாது. பெறுநர், அனுப்புநர் முகவரியும் போன் நம்பரும் எழுதிய ஒரு சீட்டைப் பெட்டிக்கு உள்ளேயும் போடுங்கள். லேபிளின் மேல் அகலமான ஒளி ஊடுருவும் டேப் ஒட்டும்போது பார்கோடில் சுருக்கம் விழாமல் பாருங்கள். சுருங்கினால் இயந்திரம் படிக்காது, பார்சல் ஒரு நாள் ஓரத்தில் கிடக்கும்.